எண்ணிச் சாப்பிடுவதும் கொட்டிச் சாப்பிடுவதும்

அன்புள்ள வாசகர்களுக்கு,



உடல்நலம் பற்றி நீங்கள் எழுதும் கடிதங்களில் ஓர் ஆதங்கம் அடிக்கடி தலைகாட்டுகிறது. சர்க்கரை எல்லையைத் தொடுகிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் இட்லி, பொங்கலை நிறுத்திவிட்டுக் கார்ன்ஃப்ளேக்ஸுக்கோ ஓட்ஸுக்கோ மியூஸ்லிக்கோ மாறியாயிற்று. செல்போனில் கலோரிக் கணக்கு எழுதுவதும் தவறுவதில்லை. ஆனால் மாதக் கடைசியில் ஏறி நின்று பார்த்தால் எடை இறங்கியிருக்கவில்லை. இப்படி எழுதுகிறவர்களில் பலர் முடிவில் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். மன உறுதி போதவில்லை, நமக்கு வாய்த்த உடம்பு இப்படித்தான் என்று சோர்ந்துபோகிறார்கள்.

அந்தச் சோர்வைப் போக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். உங்களை நொந்துகொள்வதற்கு முன்னால் காலைக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பாருங்கள். பிழை பெரும்பாலும் கணக்கு எழுதும் இடத்தில் இருக்காது. பாக்கெட்டைச் சாய்க்கும் இடத்தில் இருக்கும். அது உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை. அந்தப் பண்டத்தின் இயல்பு அப்படி.

நம்முடைய காலை உணவில் பாதிக்கு மேல் எண்ணிச் சாப்பிடுகிறவை. எத்தனை இட்லி வைக்கட்டும் என்று கேட்டுத்தான் பரிமாறுகிறோம். தோசை, பூரி, ஆப்பம், இடியாப்பம், வடை எல்லாமே எண்ணிக்கையில் வருகின்றன. இட்லித் தட்டின் குழி மாறாதவரை நேற்றைய இட்லிக்கும் இன்றைய இட்லிக்கும் எடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. மூன்று சாப்பிட்டோமா ஐந்து சாப்பிட்டோமா என்பது சாயங்காலம் வரைக்கும் நினைவில் நிற்கும். பொங்கல், உப்புமாவில் இந்த வசதி இல்லை என்றாலும் அங்கே கரண்டிக் கணக்கு ஒன்று இருக்கிறது. கார்ன்ஃப்ளேக்ஸ் அப்படி இல்லை. பாக்கெட்டைச் சாய்த்தால் சரசரவென்று கொட்டுகிறது. எப்போது நிறுத்துவது என்பதைக் கிண்ணத்தின் விளிம்புதான் நமக்குச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பழகிய கைக்கு, கொட்டி அளப்பது புதிய வேலை. அந்த வேலையில் நாம் யாரும் இன்னும் தேறவில்லை.

இதன் விளைவை எண்களிலேயே பார்ப்போம். கார்ன்ஃப்ளேக்ஸ் பாக்கெட்டில் பொதுவாக ஒரு வேளைக்கு 30 கிராம் என்று அச்சிட்டிருக்கும். 100 கிராமுக்குச் சுமார் 380 கலோரி என்று வைத்துக்கொண்டால் 30 கிராமுக்கு 114 கலோரி. அதோடு 125 மில்லி சமன்படுத்திய பால், அதாவது ஆவினில் நீல நிறப் பாக்கெட்டில் வரும் 3 சதவீதக் கொழுப்புள்ள பால் சேர்த்தால் இன்னொரு 75 கலோரி. ஆக மொத்தம் 190 கலோரிக்குள் காலை உணவு முடிகிறது. செல்போனில் நாம் பதிவு செய்வது இந்த 190ஐத்தான்.

வீட்டில் நடப்பதைக் கவனியுங்கள். ரசத்துக்கும் பாயசத்துக்கும் எடுக்கிற அதே பெரிய கிண்ணத்தைத்தான் இதற்கும் எடுக்கிறோம். அதில் முக்கால் பாகம் கொட்டினால் 60 கிராம் எளிதாக விழுந்துவிடும். அது 228 கலோரி. செதில் நனைய வேண்டுமே என்று 250 மில்லி பால் ஊற்றுகிறோம். அது 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு நிறப் பாக்கெட் பாலாக இருந்தால் 220 கலோரிக்குக் குறையாது. மேலே இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, 40 கலோரி. கூட்டினால் 490ஐ நெருங்குகிறது. எழுதிய எண்ணுக்கும் உண்ட உணவுக்கும் இடையில் 300 கலோரி. ஓர் இட்லிக்கு 60, 70 கலோரி என்று கொண்டால், கணக்கில் ஏறாமல் நாலைந்து இட்லி உள்ளே போயிருக்கிறது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அதில் பாதிக்கு மேல் விடிந்த ஒரு மணி நேரத்திலேயே கைவிட்டுப் போய்விட்டது. சாப்பிட்டவருக்கோ லேசாகத்தான் சாப்பிட்டோம் என்ற திருப்தி.

லேசு என்ற அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? பண்டம் கையில் கனப்பதில்லை என்பதிலிருந்து. இட்லி ஆவியில் வெந்தது. அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். கார்ன்ஃப்ளேக்ஸ் வாட்டி உலர்த்தியது. அதில் தண்ணீர் அநேகமாக இல்லை. அதனால் எடைக்கு எடை பார்த்தால் செதிலில் இட்லியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கலோரி அடங்கியிருக்கிறது. கை கொஞ்சம் தாராளமாகச் சாய்ந்தால் ஏறுகிற கலோரியும் அதே விகிதத்தில் தாராளமாக ஏறுகிறது. இதற்காகக் கார்ன்ஃப்ளேக்ஸைக் கெட்ட உணவு என்று சொல்ல மாட்டேன். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது செய்யும் உதவி பெரியது. அளவு தெரிந்து சாப்பிட வேண்டும் என்பதே என் கவலை.

அளவு தெரிய கப் போதாதா என்று கேட்கலாம். நம் பாட்டிமார் ஆழாக்கிலும் படியிலும் அளந்துதானே குடும்பம் நடத்தினார்கள்? அரிசிக்கு அது சரியாக வந்தது. அரிசி சிறு மணி. உருண்டு சரிந்து இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும். தலைதட்டி அளந்தால் ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். செதில் வளைந்து நெளிந்த பண்டம். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்போது நடுவில் காற்றுதான் அதிகம். எவ்வளவு காற்று என்பது பண்டத்துக்குப் பண்டம் மாறும்.

240 மில்லி பிடிக்கும் ஒரு கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அரிசிப் பொரி 15 கிராம்தான் பிடிக்கும். கார்ன்ஃப்ளேக்ஸ் 30 கிராமுக்குப் பக்கத்தில் பிடிக்கும். ஓட்ஸ் 80 கிராம் போகும். மியூஸ்லியும் ஏறத்தாழ அப்படியே. தேனும் எண்ணெயும் சேர்த்து வறுத்து வருகிற கிரனோலா 100 கிராமைத் தாண்டும். கலோரியில் சொன்னால் முதல் கப் 60ஐத் தொடாது. கடைசி கப் 450ஐத் தாண்டிவிடும். கப் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியும் உயரமும் ஒன்றுதான். கார்ன்ஃப்ளேக்ஸில் பழகிய கையோடு ஒருவர் உடம்புக்கு நல்லது என்று கிரனோலாவுக்கு மாறினால், அதே கிண்ணத்தை அதே விளிம்புவரை நிரப்பி, மூன்று நான்கு மடங்கு கலோரியை வாங்கிக்கொள்கிறார்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சிக்கலைச் சட்டத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. உடனே சாப்பிடத்தக்க தானிய உணவுகளை ஒரு கப் எத்தனை கிராம் என்பதை வைத்து அது மூன்றாகப் பிரிக்கிறது. கப்புக்கு 20 கிராமுக்குக் குறைவாக நிற்கும் பொரி வகைக்கு ஒரு வேளை அளவு 15 கிராம். 20இலிருந்து 43 கிராமுக்குள் வரும் செதில் வகைக்கு 40 கிராம். 43 கிராமும் அதற்கு மேலும் நிற்கும் அடர்த்தியான வகைக்கு 60 கிராம். 2016இல் விதிகளைத் திருத்துவதற்கு முன்பு நடு வகைக்கு 30 கிராமும் கடைசி வகைக்கு 55 கிராமும் இருந்தன.

30 எப்படி 40 ஆயிற்று என்பதில் நாம் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி பாக்கெட்டில் போடும் ஒரு வேளை அளவு என்பது மக்கள் வழக்கமாக ஒரு தடவைக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதைக் காட்டும் அளவு. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற மருத்துவ ஆலோசனை அதில் இல்லை. 1990இல் வந்த உணவுச் சத்துக் குறிப்புச் சட்டம் அப்படித்தான் வகுத்தது. முதலில் 1970களிலும் 80களிலும் நடந்த உணவுக் கணக்கெடுப்புகளை வைத்து அளவுகளை நிர்ணயித்தார்கள். பிறகு வந்த கணக்கெடுப்புகளில் கிண்ணங்கள் பெருத்திருப்பது தெரிந்ததால் எண்ணையும் உயர்த்தினார்கள். ஆகவே பாக்கெட்டில் இருக்கும் கிராமைப் பார்த்து இவ்வளவு சாப்பிடலாம் என்று யாரோ அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைவாக இருக்கிறதே என்று ஏமாற்றமும் அடைய வேண்டாம். அது கணக்குப் போடுவதற்கு ஓர் அலகு, அவ்வளவுதான்.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்பது பாக்கெட்டில் இருந்தாக வேண்டும். ஒரு வேளை அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் இருக்க வேண்டும். அந்த ஒரு நாள் தேவை 2000 கலோரி என்று கொள்ளப்படுகிறது. இவற்றில் நீங்கள் நம்பிப் பிடித்துக்கொள்ள வேண்டியது 100 கிராம் என்ற பத்தியைத்தான். ஒரு வேளை அளவு 30 கிராம் என்று ஒரு பாக்கெட்டில் இருக்கும், 40 என்று இன்னொன்றில் இருக்கும். ஒன்றில் பாலோடு சேர்த்துக் கணக்குச் சொல்லியிருக்கும், மற்றொன்றில் பால் இல்லாமல். 100 கிராம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உள்ள நம் வாசகர்களுக்கும் இதே பத்தி பாக்கெட்டில் கிடைக்கும்.

இந்தச் செதில் பண்டம் பிறந்ததே ஓர் உடல்நல விடுதியில்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் நடத்திய சானடோரியத்தில் 1894இல், நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கும் உணவு தேடியபோது முதல் செதில்கள் உருவாயின. அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக் 1906இல் அதைத் தொழிற்சாலைப் பண்டமாக்கினார். இந்தியாவுக்கு அவர் தொடங்கிய நிறுவனம் வந்தது 1994இல். மருத்துவமனைச் சாப்பாடு என்ற பழைய பெயர் இன்னும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல உணவு என்று மனம் முத்திரை குத்திவிட்ட ஒன்றை அளந்து பார்க்கத் தோன்றாது. நெய்ச் சோற்றையும் பஜ்ஜியையும் சாப்பிடும்போது வரும் எச்சரிக்கை இங்கே வருவதில்லை.

கண்ணும் இதில் நமக்கு உதவுவதில்லை. பெல்ஜியம் நாட்டு அறிஞர் ஜோசப் டெல்பூஃப் 1865இல் ஒரு தோற்ற மயக்கத்தை விவரித்தார். ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களில் ஒன்றைச் சுற்றிப் பெரிய வளையமும் மற்றொன்றைச் சுற்றி நெருக்கமான சிறு வளையமும் வரைந்தால், பெரிய வளையத்துக்குள் இருக்கும் வட்டம் சிறியதாகத் தெரியும். அகலமான கிண்ணத்தின் நடுவே கிடக்கும் 30 கிராம் செதிலுக்கும் இதே கதிதான். பாவம், கொஞ்சமாக இருக்கிறதே என்று கை தானாக இன்னொரு முறை பாக்கெட்டைச் சாய்க்கிறது.

சின்னக் கிண்ணத்துக்கு மாறினாலே எடை குறைந்துவிடும் என்று ஒரு காலத்தில் பத்திரிகைகளில் நிறைய எழுதப்பட்டது. அந்த வகை ஆய்வுகளுக்குப் பேர்போனவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். அவர் ஆய்வு நெறிகளை மீறியதாக 2018இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அவருடைய பல கட்டுரைகளை ஆய்விதழ்கள் திரும்பப் பெற்றன. சின்னக் கிண்ணம் நல்லதுதான், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதுவே உங்களுக்குப் பதிலாக அளந்து தந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கோதுமைச் செதில்களை நொறுக்கி, அதே எடை கிண்ணத்தில் குறைந்த இடம் அடைக்கும்படி பல வகைகளாகத் தயாரித்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு வகையைக் கொடுத்து, வேண்டிய அளவு கொட்டிச் சாப்பிடச் சொன்னார்கள். செதில் சிறியதாகச் சிறியதாக, மக்கள் கிண்ணத்தில் கொட்டிய உயரம் குறைந்தது, எடையோ கூடியது. கலோரியும் கூடியது. எவ்வளவு சாப்பிட்டதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லா வகைக்கும் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் சொன்னார்கள். நம் சமையலறையில் இந்த ஆய்வு ஒவ்வொரு பாக்கெட்டிலும் நடக்கிறது. புதிதாகப் பிரித்த பாக்கெட்டின் மேல்பகுதியில் முழுச் செதில்கள்; அடியில் போகப்போக நொறுங்கல். கடைசி இரண்டு நாள் கிண்ணம் கண்ணுக்கு அதேபோலத்தான் தெரியும், எடையில் கனத்திருக்கும்.

இனி, தங்களைத் தாங்களே குற்றம் சொல்லிக்கொள்கிற வாசகர்களுக்காக ஒன்று. 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில், நியூயார்க் மருத்துவர்கள் நடத்திய ஆய்வொன்று வெளியானது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அழைத்து, அவர்கள் உண்மையில் உட்கொள்ளும் சக்தியை நுட்பமான முறையில் அளந்தார்கள். அவர்களுடைய உடம்பு சக்தியைச் செலவழிப்பதில் எந்தக் கோளாறும் இல்லை. அவர்கள் குறித்துக் கொடுத்த உணவுக் கணக்குதான் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு அவர்கள் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொட்டிச் சாப்பிடும் பண்டங்களும் கண்ணளவில் ஊற்றும் எண்ணெயும் பாலும் நிறைந்த உலகத்தில், நேர்மையான ஒருவரின் கணக்குகூட அவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உங்கள் டாக்டர், நீங்கள் மறைக்கிறீர்கள் என்று நினைத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். உங்களுக்குத் தேவை திட்டு இல்லை, ஒரு தராசு.

அந்தத் தராசை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கிறேன். சமையலறையில் வைக்கும் சிறிய டிஜிட்டல் தராசு இன்று பாத்திரக் கடைகளிலேயே கிடைக்கிறது; ஒரு கிராம் வரை காட்டுவது போதும். காலியான கிண்ணத்தை அதன்மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு எதையும் மாற்றாமல், தினமும் கொட்டுகிறபடியே கொட்டுங்கள். திரையில் தெரிவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் பூஜ்யமாக்கிப் பாலை ஊற்றுங்கள். பால் ஒரு மில்லி என்பது ஒரு கிராமுக்கு மிகச் சற்றே கூடுதல்; கிராமையே மில்லியாகக் கொண்டால் பாதகமில்லை. சர்க்கரை, உலர்திராட்சை, முந்திரி, வாழைப்பழம் என்று மேலே விழும் ஒவ்வொன்றுக்கும் இதே முறை. ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். முதல் வாரத்தில் அளவைக் குறைக்கவே வேண்டாம். இருக்கிற நிலையை உள்ளபடி தெரிந்துகொள்வதுதான் அந்த வாரத்தின் வேலை.

அடுத்த வாரம் உங்களுக்கு வேண்டிய அளவை நீங்களே தீர்மானியுங்கள். அது 30 கிராமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உழைப்பாளிக்கு 60 கிராம் நியாயமான அளவாக இருக்கலாம். தீர்மானித்ததை எடைபோட்டு, வீட்டில் உள்ள ஒரு டம்ளரில் கொட்டிப் பாருங்கள். எந்த டம்ளரில் சரியாக நிரம்புகிறதோ அதையே அந்தப் பண்டத்துக்கு என்று பாக்கெட்டோடு வைத்துவிடுங்கள். அன்றிலிருந்து நீங்கள் கொட்டிச் சாப்பிடவில்லை, ஒரு டம்ளர் என்று எண்ணிச் சாப்பிடுகிறீர்கள். இட்லியில் நமக்குக் கைவந்த வித்தை இதிலும் வந்துவிடும். தராசை அலமாரியில் வைத்துவிடலாம். பண்டம் மாறினால், பாக்கெட்டின் அடிக்கு வந்தால், கிண்ணம் மாறினால் ஒரு தடவை எடுத்துச் சரிபார்த்தால் போதும்.

ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. காய்ந்த ஓட்ஸ் 40 கிராமில் சுமார் 150 கலோரி. அது தண்ணீரில் வெந்ததும் பல மடங்கு எடை கூடிவிடும், கலோரி கூடாது. செல்போன் செயலியில் வெந்த கஞ்சி, வேகாத ஓட்ஸ் என்று இரண்டும் இருக்கும். வெந்த கஞ்சியை எடைபோட்டு வேகாத ஓட்ஸின் பெயரில் எழுதினால் எண் எங்கோ போய்விடும். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பு எடைபோடுவதே நல்லது. சத்துமாவுக்கும் இதுவே வழி. அங்கே கரண்டியும் ஏமாற்றும்: தலைதட்டிய ஒரு கரண்டியும் கும்பலாக அள்ளிய ஒரு கரண்டியும் பெயரில்தான் ஒன்று.

இவ்வளவு சொன்ன பிறகு, எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலோரி எண்களே சராசரிகள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நாம் பெருக்கும் எண்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளில் இருந்து வந்தவை. பாக்கெட்டில் அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை கலோரி கூடினாலும் அமெரிக்க விதி பொறுத்துக்கொள்கிறது. அப்படியிருக்க, ஐந்து கிராம் கூடிவிட்டதே என்று எடுத்து மறுபடி பாக்கெட்டில் போடுவது வீண் பாடு. முப்பது கிராம் கூடியதை அறியாமல் இருப்பதுதான் நஷ்டம். சிறிய பிழையை விட்டுவிடுங்கள், பெரிய பிழையைப் பிடியுங்கள்.

நம் உணவை எடைபோட்டு எண்ணாக்கும் வேலைக்குத் தமிழ் மண்ணில் நல்ல பாரம்பரியம் உண்டு. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவாகப் பிறந்தது. அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் 1971இல் அதை விரித்து எழுதினார்கள். 2017இல் அந்த நிறுவனம் 528 உணவுகளுக்கான புதிய அட்டவணையைக் கொண்டுவந்தது. இவர்கள் ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு பொறுமையாக அளந்து தந்த எண்ணை, நாம் கண்ணளவுக் கிண்ணத்தோடு பெருக்கி வீணாக்கலாமா?

சிலருக்கு இந்த அளவு இன்னும் முக்கியம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் உண்ணும் மாவுச்சத்தைப் பொறுத்து மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். 30 கிராம் கார்ன்ஃப்ளேக்ஸில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கிண்ணத்தில் 60 கிராம் விழுந்தால் அதுவும் 50 ஆகிவிடும். 25க்குப் போட்ட மருந்து அதற்குப் போதாது. அவர்கள் எடைபோடுவதை விடவே கூடாது. மருந்தளவை டாக்டரைக் கேட்காமல் மாற்றவும் கூடாது.

வேறு சிலருக்கு இந்த எண்ணும் வேலையே ஆகாது. வளரும் குழந்தைகளின் கிண்ணத்தைத் தராசில் வைக்காதீர்கள். கர்ப்பிணிகள் டாக்டரின் ஆலோசனை இல்லாமல் கலோரியைக் குறைக்கக் கூடாது. சாப்பாட்டைக் கண்டாலே பயம், ஒவ்வொரு வாய்க்கும் குற்ற உணர்வு என்று அவதிப்படுகிறவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கையிலிருந்து தராசையும் செயலியையும் அன்போடு வாங்கி வைத்துவிட்டு, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எண் நமக்கு உதவத்தான் வந்தது. அது நம்மை ஆட்டிப்படைக்கத் தொடங்கினால் விட்டுவிடுவதே ஆரோக்கியம்.

குடும்பத்தில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் சாப்பிடுகிறவர் ஒருவர், பரிமாறுகிறவர் இன்னொருவர். போதும் என்று கை காட்டிய பிறகும் ஒரு பிடி கூடப் போட்டால்தான் பரிமாறியவருக்கு மனசு ஆறும். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நாமெல்லாம் அதில் வளர்ந்தவர்கள். ஆனால் உங்கள் கணவரோ அம்மாவோ மகளோ அளந்து சாப்பிட முயலும்போது, அவர்கள் வைத்திருக்கும் டம்ளரைத் தாண்டி ஒரு பிடி போடாமல் இருப்பதும் அன்புதான். கஞ்சத்தனம் என்று கேலி செய்யாமல், நீங்களும் ஒரு நாள் உங்கள் கிண்ணத்தை அதே தராசில் வைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் அளப்பது தண்டனைபோல் இருக்கும்; இருவராக அளந்தால் அது வீட்டு வழக்கமாகிவிடும்.

இந்த மாதம் முயன்று பாருங்கள். முதல் நாள் நீங்கள் நினைத்த அளவு எத்தனை கிராம், தராசு காட்டியது எத்தனை கிராம், எந்தப் பண்டம், எந்தப் பால் என்று நான்கே வரியில் எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. எண் பெரிதாக இருக்கிறதே என்று கூச்சப்படவும் வேண்டாம். வருகிற கடிதங்களைத் தொகுத்து வெளியிட விரும்புகிறோம். தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் இன்னொரு வாசகர் அதைப் படித்து, தனக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்வதுதான் என்று தெரிந்துகொண்டால், நீங்கள் எழுதிய நான்கு வரி அவருக்குப் பெரிய துணையாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்